தொடக்கநிலை 3 தேர்வும் தமிழாசிரியரின் சொல்லும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

இவ்வாண்டு தொடக்கநிலை 3இல் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் அண்மைக் காலமாக என்னிடம் ஒரு கேள்வியைப் பல விதமாகக் கேட்டு வருகிறார்கள். உயர்திறன் மாணவர்களைக் கண்டறியப் பள்ளியில் நடத்தப்படும் தேர்வைத் தங்கள் பிள்ளையை எழுத வைக்கலாமா, எழுத வைப்பதென்றால் அதற்கென்று பயிற்சி வகுப்பில் சேர்க்க வேண்டுமா, அல்லது முதலில் தனியார் உளவியலாளர் ஒருவரிடம் அழைத்துச் சென்று பிள்ளையின் நுண்ணறிவை அளந்து பார்த்துவிடுவது நல்லதா என்பதே அது. சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிகளில் நெடுங்காலம் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், இதைப்பற்றி என் கருத்தைத் தங்கள் இதழின்வழி பெற்றோருக்கும், கல்வி அமைச்சிடம் ஒரு கோரிக்கையாகவும் முன்வைக்க விரும்புகிறேன்.

தேர்வில் தேறும் பிள்ளைகளைச் சில பள்ளிகளில் தனி வகுப்புகளில் படிக்கவைத்த, 1984இல் தொடங்கப்பட்ட மீத்திறன் கல்வித் திட்டம், நம் இல்லங்களில் ஜிஇபி என்றே வழங்கப்படுவது, தற்போதைய வடிவில் தொடராது என்று பிரதமர் லாரன்ஸ் வோங் 2024ஆம் ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில் அறிவித்ததை வாசகர்கள் அறிவார்கள். அந்த ஆண்டில் தொடக்கநிலை 1இல் சேர்ந்த பிள்ளைகளே புதிய முறையின்கீழ் வரும் முதல் அணியினர். அவர்கள்தாம் இப்போது தொடக்கநிலை 3இல் இருக்கிறார்கள். 2027இல் தொடக்கநிலை 4க்குச் செல்வார்கள். முன்பு இரண்டு கட்டங்களாக நடந்த தேர்வு இவர்களுக்கு ஒரே கட்டமாக நடைபெறும். தேறும் பிள்ளை வேறு பள்ளிக்கு மாற வேண்டியதில்லை. அந்தந்தப் பள்ளியே தன் உயர்திறன் மாணவர்களுக்கான திட்டத்தை நடத்தும். அதற்கும் மேல் சவால் தேவைப்படும் பிள்ளைகள், அருகிலுள்ள ஒரு பள்ளியில், பள்ளி நேரத்திற்குப் பிறகு நடக்கும் சிறப்பு வகுப்புகளுக்குச் செல்லலாம். முன்பு ஏறத்தாழ 7 விழுக்காட்டு மாணவர்களைச் சென்றடைந்த உயர்திறன் கல்வி, இனி 10 விழுக்காட்டினரைச் சென்றடைய வேண்டும் என்பது அமைச்சின் நோக்கம்.

இந்த மாற்றம் தமிழ்க் குடும்பங்களுக்கு மற்றவர்களைக் காட்டிலும் சற்றுக் கூடுதலான பொருளுடையது. பழைய திட்டம் ஒன்பது தொடக்கப்பள்ளிகளில் மட்டுமே நடந்தது. அவற்றுள் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியின் தொடக்கப் பிரிவு, நான் ஹுவா, நன்யாங், தாவ் நான் ஆகிய நான்கும் சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகள். அதாவது தாய்மொழியாகச் சீனம் மட்டுமே கற்பிக்கப்படும் பள்ளிகள். தமிழ் படிக்கும் பிள்ளைக்கு மீதமிருந்தவை ஐந்து. அவற்றிலும் ஒன்று ஆண்களுக்கானது, ஒன்று பெண்களுக்கானது என்பதால் உண்மையில் எந்தப் பிள்ளைக்கும் நான்கு பள்ளிகளே வாய்த்தன. தேர்வில் வென்ற மகனைத் தெம்பனிசிலோ சிராங்கூன் நார்த்திலோ உள்ள பள்ளிக்கு அனுப்புவதற்காக விடியலுக்கு முன் எழுப்ப வேண்டியிருந்த, தீவின் மேற்கிலுள்ள ஜூரோங் குடும்பங்கள் உண்டு. எங்கள் பிள்ளைக்கு இருக்கும் பள்ளியும் நண்பர்களும் போதும், தமிழாசிரியரும் நன்றாக அமைந்திருக்கிறார் என்று சொல்லி, கிடைத்த இடத்தை வேண்டாமென்ற பெற்றோரும் உண்டு. அவர்கள் அப்படி முடிவெடுத்ததில் நியாயம் இருந்தது என்றே நான் இன்றும் கருதுகிறேன்.

இப்போது அந்தக் காரணம் பெரும்பாலும் இல்லாமல் போய்விட்டது. தேர்வு எழுதுவது கட்டாயமில்லை என்பதும் உண்மைதான். விருப்பமில்லாத பெற்றோர் பள்ளியிடம் தெரிவித்து ஒதுங்கிக்கொள்ளலாம். ஆயினும், பள்ளி மாற வேண்டாம், நண்பர்களைப் பிரிய வேண்டாம், தமிழ் வகுப்பை இழக்க வேண்டாம் என்ற நிலையில், ஒரு பிள்ளை தன் பள்ளியிலேயே அமர்ந்து எழுதும் ஒரு தேர்வை வேண்டாமென்று தடுப்பதற்கு வலுவான காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. ஆகவே முதல் கேள்விக்கு என் விடை, எழுத வையுங்கள் என்பதே. ஆனால் இந்த விடை அடுத்த இரண்டு கேள்விகளுக்கும் நீளாது. அங்கேதான் நம் பெற்றோர் தடுமாறுகிறார்கள்.

பயிற்சி வகுப்புகளை எடுத்துக்கொள்வோம். இதற்குத் தனிப் பயிற்சி தேவையில்லை என்று கல்வி அமைச்சு நெடுங்காலமாகவே சொல்லி வந்திருக்கிறது. துணைப்பாட நிலையங்களோ தங்கள் விளம்பரங்களை நிறுத்தியதில்லை. பழைய முதல் கட்டத் தேர்வில் ஆங்கிலமும் கணிதமும் இருந்தன. இரண்டாம் கட்டத்தில் பொதுத் திறனும் சேர்ந்தது. வரிசையில் அடுத்து வரும் உருவம் எது, கூட்டத்தில் சேராத சொல் எது என்பன போன்ற வினாக்களைப் பிள்ளை முதன்முறையாகப் பார்த்து, தானே ஒரு வழியைக் கண்டுபிடிக்கிறதா என்று அறிவதற்காகத்தான் அப்படியொரு பகுதியை வைப்பார்கள். அதே வகை வினாக்களை ஆறு மாதம் அலுக்க அலுக்கச் செய்துவிட்டுப் போகும் பிள்ளை தேர்வில் காட்டுவது நினைவாற்றலையும் பொறுமையையும். அவையும் நல்ல குணங்கள்தாம் என்றாலும் தேர்வு தேடுவது அவற்றையல்ல. அப்படித் தேறிய பிள்ளை பிறகு உட்காரப்போகும் வகுப்பில் பயிற்சித்தாள் எதுவும் கைகொடுக்காது என்பதைப் பெற்றோர் யாரும் நினைத்துப் பார்ப்பதாகத் தெரியவில்லை. பக்கத்திலிருக்கும் பிள்ளை ஒரு கணக்கை மூன்று வழிகளில் போட்டுவிட்டு நான்காவதைத் தேடிக்கொண்டிருக்கும்போது, தன்னைப்பற்றி எட்டு ஒன்பது வயதில் ஒரு பிள்ளை என்ன முடிவுக்கு வரும்?

இன்னொன்றும் உண்டு. தொடக்கநிலை 1, 2 மாணவர்களுக்கு மதிப்பெண் சேரும் தேர்வுகள் 2019 முதல் இல்லை. 2023க்குள் எல்லா நிலைகளிலும் அரையாண்டுத் தேர்வுகளும் நிறுத்தப்பட்டுவிட்டன. ஆகவே தொடக்கநிலை 3 பிள்ளைக்குத் தேர்வு என்ற அனுபவமே அந்த ஆண்டில்தான் தொடங்குகிறது. அரசாங்கம் பிள்ளைகளின் தோளிலிருந்து இறக்கிவைத்த சுமையை வேறொரு பெயரில், அதுவும் கட்டணம் செலுத்தி, நாமே ஏற்றிவைப்பதற்கு எந்த அவசியமும் இல்லை. தேர்வு எப்படி நடக்கும், தெரியாத வினாவைத் தாண்டிச் செல்லலாம், நேரம் முடிந்துவிட்டால் கவலைப்பட வேண்டாம் என்று முந்தைய மாலையில் ஒருமுறை சொல்லி, நேரத்தோடு தூங்க வைத்தால் போதுமானது.

தனியார் உளவியல் சோதனை சற்று வேறுபட்டது. அதை முழுவதுமாகத் தள்ளிவிட நான் சொல்லமாட்டேன். ஆனால் எதற்காகச் செய்துகொள்கிறோம் என்பதைத் தெளிவாக அறிந்தே செய்துகொள்ள வேண்டும். இத்தகைய சோதனைகளின் வரலாறு அறிந்தவர்களுக்கு ஒரு செய்தி தெரிந்திருக்கும். 1905இல் பாரிசில் அல்ஃபிரெட் பினே, தியோடோர் சிமோன் ஆகிய இருவரும் முதல் அளவுகோலை உருவாக்கியபோது மேதைகளைத் தேடவில்லை. வழக்கமான வகுப்பில் பின்தங்கி, தனிக் கவனிப்புத் தேவைப்படும் பிள்ளைகள் யார் என்று கண்டறிவதே அவர்களின் வேலையாக இருந்தது. என் பார்வையில் இன்றளவும் இச்சோதனைகள் மிகுந்த பயன்தருவது அந்த வேலைக்குத்தான்.

இன்று சிறுவர்களுக்குப் பரவலாகப் பயன்படுத்தப்படும் வெக்ஸ்லர் சோதனை, 6 முதல் 16 வயது வரையிலானவர்களுக்கு உரியது. அதன் சராசரி 100 என வைக்கப்பட்டிருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கினர் 85க்கும் 115க்கும் இடையில் வருவார்கள். 130ஐத் தாண்டுபவர் நூற்றுக்கு இருவர் அளவிலேயே இருப்பார்கள். சொல்லறிவு, காட்சி அறிவு, புதிய சிக்கலைத் தீர்க்கும் ஆற்றல், செயல்நினைவு, வேகம் என்று ஐந்து கூறுகளைத் தனித்தனியாகப் பார்த்துவிட்டே ஒட்டுமொத்த எண்ணைத் தருகிறார்கள். பெற்றோர் அந்த ஒட்டுமொத்த எண்ணை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு வீடு திரும்புவதுதான் பிழையின் தொடக்கம். சொல்லறிவில் மிக உயர்ந்தும் வேகத்தில் மிகத் தாழ்ந்தும் இருக்கும் பிள்ளையின் மொத்த எண் சாதாரணமாகத் தெரியும். உண்மையில் அந்தப் பிள்ளைக்கு உயர்ந்த பாடமும் வேண்டும், எழுதக் கூடுதல் நேரமும் வேண்டும். அறிக்கையில் எண்ணோடு ஒரு வரம்பும் கொடுத்திருப்பார்கள். இன்று 128 பெற்ற பிள்ளை இன்னொரு நாள் 124ஓ 132ஓ பெறலாம் என்பதே அதன் பொருள். ஆனால் உறவினர் கூடும் விருந்தில் யாரும் வரம்பைச் சொல்வதில்லை, எண்ணைத்தான் சொல்கிறார்கள்.

அந்த எண் எவ்வளவு தூரம் வழிகாட்டும் என்பதற்கு நன்கு பதிவான ஒரு சான்று உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1921இல் லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர், மிக உயர்ந்த நுண்ணறிவு எண் பெற்ற சிறுவர்களைத் திரட்டி அவர்கள் வாழ்நாள் முழுவதையும் தொடரும் ஆய்வைத் தொடங்கினார். சோதிக்கப்பட்டும் எண் போதாமையால் சேர்த்துக்கொள்ளப்படாத சிறுவர்களில் வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வரெஸ் ஆகிய இருவர் இருந்தனர். ஷாக்லி 1956இலும் ஆல்வரெஸ் 1968இலும் இயற்பியலுக்கான நோபெல் பரிசு பெற்றார்கள். அதற்காக டெர்மனின் சோதனை பயனற்றது என்று நான் வாதிட வரவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் பலர் படிப்பிலும் தொழிலிலும் நன்றாகவே விளங்கினார்கள். ஓர் எண்ணை வைத்துக் கதவைச் சாத்தக்கூடாது என்பதற்கே இதைச் சொல்கிறேன்.

அப்படியானால் தனியார் சோதனைக்கு யார் செல்ல வேண்டும்? பேசும்போது அறிவு சுடர்விட்டு, எழுதும்போது எழுத்துகள் புரண்டு, படிக்கும்போது வரிகள் தவறும் பிள்ளைக்கு அது தேவை. எழுத்துணர் குறைபாடு உள்ள அறிவார்ந்த பிள்ளைகள், அறிவைக் கொண்டு குறையையும் குறையைக் கொண்டு அறிவையும் மறைத்துவிடுவார்கள். வகுப்பில் நடுத்தரமானவர்கள் என்று பெயர் வாங்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் இருப்பார்கள். வகுப்பில் ஓயாது தொல்லை கொடுக்கும் பிள்ளை சலிப்பினால் அப்படிச் செய்கிறதா, கவனக்குறைபாடு ஏதேனும் உள்ளதா என்று ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் விளங்காதபோதும் அது தேவை. இந்த இடங்களில் சோதனை முடிந்ததும் செய்வதற்கு ஒரு வேலை இருக்கிறது. மகள் கெட்டிக்காரிதான் என்பதை ஓர் அறிக்கையில் பார்க்க வேண்டும் என்பதற்காக மட்டும் பல நூறு வெள்ளி செலவழிப்பதற்கு முன், அறிக்கை வந்த மறுநாள் அதை வைத்து என்ன செய்யப்போகிறோம் என்று கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வேண்டும். விடை ஒன்றுமில்லை என்றால் அந்தப் பணத்திற்குப் புத்தகம் வாங்கலாம். வீட்டில் தம்பியோ தங்கையோ இருந்தால் அந்த எண் அவர்கள்மீதும் விழும் என்பதையும் மறந்துவிடக்கூடாது.

இனி நான் முதன்மையாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். தேர்வோடு கூட, பள்ளி ஆசிரியர்கள் அன்றாடம் கவனித்தறிவதையும் மாணவரின் படைப்புகளையும் கணக்கில் கொள்வது புதிய முறையின் சிறப்பு. தொடக்கநிலை 3இல் தவறவிட்ட பிள்ளை பிந்திய ஆண்டுகளிலும் சேரலாம். இது வரவேற்கத்தக்கது. ஆனால் ஆசிரியர்கள் என்று சொல்லும்போது எந்த ஆசிரியர்கள்? ஆங்கிலமும் கணிதமும் அறிவியலும் கற்பிக்கும் வகுப்பாசிரியரின் கண்ணே முதலில் நினைவுக்கு வரும். தமிழாசிரியரோ பல வகுப்புகளிலிருந்து திரட்டப்பட்ட ஒரு சிறு கூட்டத்தை நாளுக்கு ஒரு பாடவேளை மட்டும் பார்ப்பவர். அவரிடம் யாரேனும் கேட்பார்களா என்பது எனக்குள்ள ஐயம்.

இந்த ஐயம் காரணமில்லாமல் வரவில்லை. என்னிடம் தொடக்கநிலை 3இல் படித்த ஒரு மாணவன், தாத்தா பாட்டியோடு வளர்ந்தவன், வீட்டில் தமிழே பேசியவன். ஒருநாள் வகுப்பு முடிந்தபின் தயங்கி வந்து, "ஐயா, மரக்கிளையில் க் வருகிறது, மரவேரில் ஏன் ஒன்றும் வரவில்லை?" என்று கேட்டான். யோசித்துப் பார் என்று அனுப்பிவிட்டேன். சில நாள்களில் ஒரு தாளில் நிறையச் சொற்களை இரு வரிசையாக எழுதிக்கொண்டு வந்தான். மரப்பலகை, மரத்தூள், குளக்கரை ஆகியவை ஒரு பக்கம். மரவேலை, மனவலிமை முதலியவை மறுபக்கம். மகரம் மறைந்த பின் வரும் எழுத்து க, ச, த, ப என்றால் அது இரட்டிக்கிறது, மற்றவற்றில் இல்லை என்பதைத் தன் சொற்களில் சொன்னான். அந்த விதியை உயர்நிலை மாணவர்களுக்கே கரும்பலகையில் எழுதி மனனம் செய்ய வைப்போம்; இவன் அதைச் சான்றுகளிலிருந்து வடித்தெடுத்துவிட்டான். அறிவியலில் இதே வேலையை ஒரு பிள்ளை செய்திருந்தால் பள்ளியே பேசியிருக்கும். அவனுடைய வகுப்பாசிரியரிடம் விசாரித்தபோது, அமைதியான பையன், ஆங்கிலம் இன்னும் தேற வேண்டும் என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. அவர் பார்த்த பையன் அவர் வகுப்பில் அப்படித்தான் இருந்தான்.

ஆங்கிலத்தில் நடக்கும் ஒரு தேர்வு, ஆங்கிலம் புழங்காத வீட்டுப் பிள்ளையின் சிந்தனையைக் குறைவாகவே பார்க்கும். இது தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் நேர்வதன்று. மலாய், சீனப் பிள்ளைகளுக்கும் நேரும். இந்தியாவிலிருந்து வந்து ஓரிரு ஆண்டே ஆன குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மேலும் அதிகம். ஆகவே தாய்மொழி ஆசிரியரின் கருத்தைக் கேட்பது சலுகை ஆகாது. பள்ளி ஒரு பிள்ளையைப்பற்றி முடிவெடுக்கும்போது, அந்தப் பிள்ளை தங்குதடையின்றிப் பேசும் மொழியில் அதைப் பார்த்தவர் ஒருவர் அதே கட்டடத்தில் இருக்கிறார். அவரையும் அழைத்துக் கேட்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். இதற்குப் புதிய தேர்வோ கூடுதல் செலவோ தேவைப்படாது. ஒவ்வொரு தமிழாசிரியரும் தம் வகுப்பில் இப்படிப்பட்ட பிள்ளை யாரேனும் உண்டா, என்ன செய்ததைக் கண்டார் என்று ஆண்டுக்கு ஒருமுறை அரைப்பக்கம் எழுதிக் கொடுத்தால் போதும். தமிழாசிரியர்களும் கேட்கட்டும் என்று காத்திராமல், கண்டதை வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லும் வழக்கத்தைக் கொள்ள வேண்டும். நம்மில் பலர் இதில் கூச்சப்படுகிறோம்.

பெற்றோருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு நாளில் தமிழாசிரியரைக் கடைசியாகப் பார்ப்பதும், நேரமில்லை என்றால் பார்க்காமலே போவதும் நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. பார்ப்பவர்களும் மதிப்பெண்ணைத்தான் கேட்கிறார்கள். என் பிள்ளை என்ன மாதிரிக் கேள்விகள் கேட்கிறான், கொடுத்த வேலையை முடித்தபின் என்ன செய்கிறான் என்று கேட்டால், எந்தச் சோதனை அறிக்கையிலும் கிடைக்காத செய்தி கிடைக்கும். தேர்வு முடிவு வந்தபின் பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது சுருக்கமானது. தேறினால், உனக்கு இன்னும் கடினமான பாடங்கள் கிடைக்கும், பிடிக்கிறதா என்று பார் என்று சொல்லுங்கள். தேறாவிட்டால், இப்போதைக்கு இல்லை என்று மட்டும் சொல்லுங்கள், அது உண்மையும்கூட.

கடைசியாக, கால அட்டவணையைப்பற்றி. தமிழ் மாணவர் குறைவாக உள்ள பள்ளிகளின் பிள்ளைகள் சிலர், தமிழ் வகுப்புக்காகப் பள்ளி நேரம் முடிந்தபின் அருகிலுள்ள வேறொரு பள்ளிக்குச் செல்கிறார்கள். தொடக்கநிலை 5, 6இல் உயர்தமிழ், அதாவது மேல்நிலைத் தமிழ்ப் பாடம், எடுப்பவர்களுக்கும் வகுப்பு பிற்பகலில் அமைவதுண்டு. புதிய சிறப்பு வகுப்புகளும் அதே பிற்பகலில், இன்னொரு பள்ளியில் நடக்கவிருக்கின்றன. இரண்டும் ஒரே நாளில் மோதினால் எது விட்டுக்கொடுக்கப்படும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. பள்ளி மாற வேண்டியதில்லை என்பதால் தமிழை இழக்க வேண்டியதில்லை என்று மேலே எழுதினேன். இந்த மோதல் தவிர்க்கப்பட்டால்தான் அது மெய்யாகும். முதல் அணி 2027இல் வகுப்புகளைத் தொடங்குமுன், தாய்மொழி வகுப்புகள் நடக்கும் நாள்களைப் பள்ளிகளிடமிருந்து திரட்டி, சிறப்பு வகுப்புகளை வேறு நாள்களில் வைக்குமாறு கல்வி அமைச்சைக் கேட்டுக்கொள்கிறேன். இப்போதே தமிழுக்காக வேறு பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளின் பெற்றோர், தங்கள் நாளையும் நேரத்தையும் குறிப்பிட்டுப் பள்ளி முதல்வருக்கு இந்தத் தவணையிலேயே எழுதி வைப்பது உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
சிங்கப்பூர்